இரண்டு தரம் சொல்லி நின்றேன்

அன்புள்ள வாலுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், உன் நலம் அறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. அப்பா நலம்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ஹலோ என்பதை வைத்தே அன்று யாரோடு சண்டை போட்டேன் என்று கண்டுபிடிக்கிறவள் நீ. அதனால் எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

என் கழுத்தில் ஒரு கட்டி. அப்பாதான் முதலில் பார்த்தார். நான் அண்ணாந்து தண்ணீர் குடிக்கும்போது தொண்டையில் ஏதோ ஏறி இறங்குகிறது என்றார். நான் முடி வெட்டிக்கொண்டு வந்து நின்றால்கூடக் கவனிக்காத மனிதர், இதைப் போய்க் கவனித்திருக்கிறார் பார். தைராய்டு சுரப்பியில் கட்டியாம். ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு ஊசியால் குத்தி உள்ளிருந்து கொஞ்சம் எடுத்துச் சோதித்தார்கள். நல்ல கட்டி என்றும் சொல்ல முடியாது, கெட்ட கட்டி என்றும் சொல்ல முடியாது என்று வந்திருக்கிறது. கெட்டது என்று எதைச் சொல்கிறேன் என்று உனக்குப் புரியும். அந்த வார்த்தையை எழுத எனக்குக் கை வரவில்லை.

டாக்டரம்மா உன்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார், அவ்வளவுதான். காகிதத்தில் கழுத்தை வரைந்து நிதானமாக விளக்கினார். சுரப்பியில் பாதியை ஆபரேஷன் செய்து எடுத்துப் பார்த்தால் என்னவென்று உறுதியாகத் தெரிந்துவிடும். இல்லையென்றால் எடுக்காமல், அவ்வப்போது ஸ்கேன் செய்து வளர்கிறதா என்று கவனித்து வரலாம். என்னைப் போல வருகிற நான்கு பேரில் மூன்று பேருக்கு ஒன்றும் இருக்காதாம். ஆபரேஷனில் குரலுக்குப் போகும் நரம்பு அடிபடலாம், ஆனால் அது அபூர்வம் என்றார். எல்லாம் சொல்லிவிட்டு, "உங்களுக்கு என்னம்மா தோணுது? சேர்ந்தே முடிவு பண்ணுவோம்" என்று கேட்டார். கேட்டுவிட்டுப் பேசாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவ்வளவு படித்தவர் என்னைக் கேட்டால் நான் யாரைப் போய்க் கேட்பேன்? அவருக்கே பிடிபடாத அளவுக்கு மோசமோ என்று தோன்றிவிட்டது. அந்த அமைதி வேறு. நம் தொழில்தான் உனக்குத் தெரியுமே. மீனை நடுவில் போட்டு ஏலம் விடும்போது கூட்டம் வாயை மூடிவிட்டால், மூன்று தரம் சொல்லி முடித்து அடுத்த கூடைக்குப் போக வேண்டியதுதான். சும்மா நிற்கிற நேரமெல்லாம் மீனுக்குக் கேடு. அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. "வெட்டி எடுத்துடுங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டேன். நிச்சயமாகத்தான் சொல்கிறீர்களா என்று கேட்டார். தலையை ஆட்டினேன். அப்பாவும் ஆட்டினார். நான் எதற்கு ஆட்டினாலும் அவர் ஆட்டுவார். வருகிற வியாழக்கிழமை என்று நாள் குறித்துக் கொடுத்துவிட்டார்கள்.

என்ன வேலை என்று அவர் கேட்டபோதுகூட மார்க்கெட்டில் வேலை என்று மட்டும்தான் சொன்னேன். மீன் என்று வேறு நான் வாயால் சொல்ல வேண்டுமா, அந்த வெள்ளை அறை முழுக்க என் வாடைதான். கத்தினால்தான் எனக்குச் சோறு என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஏலத்துக்கு வருகிற வியாபாரிகளை நாலு நாலு பேராகப் பார்க்கிறேன். இதில் அந்த நாலாவது ஆள் யார் என்றே புத்தி ஓடுகிறது. ஆபரேஷன் வேண்டாம் என்று போய்ச் சொல்லவும் வாய் வரவில்லை. விலை படிந்த பிறகு பின்வாங்குகிறவர்களை நானே எத்தனை முறை நார் நாராகக் கிழித்திருக்கிறேன்!

நேற்று காலை ஒரு பெரிய மீன் வந்தது. விலை ஏறி ஓரிடத்தில் நின்றது. ஒரு தரம் என்றேன். இரண்டு தரம் என்றேன். மூன்றாவது வரவில்லை. தொண்டைக்கு ஒன்றும் இல்லை. வியாழக்கிழமைக்குப் பிறகு இந்தச் சத்தம் எனக்கு இருக்குமா என்று நினைத்தேன், அதோடு சரி, திறந்த வாய் திறந்தபடி நின்றேன். முறுக்கு மீசை வைத்த அந்த ஓட்டல்காரர், நான் விலையை ஏற்றத்தான் அடம் பிடிக்கிறேன் என்று நினைத்துவிட்டார். "சரி தாயே, இன்னும் கொஞ்சம் ஏத்திக்கிறேன், அப்படி முறைக்காதே" என்றார். கூட்டமே சிரித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை பேர் நடுவில் ரப்பர் பூட்ஸோடு நின்று ஓவென்று அழுதேன். மீதிக் கூடைகளை ஐஸ்காரரிடம் ஒப்படைத்துவிட்டு அதே பூட்ஸோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். நீங்கள் பேசாமல் இருந்ததால் ஏலம் முடிந்தது என்று நினைத்துவிட்டேன் என்றதும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நீங்க யோசிக்கட்டும்னுதாம்மா நான் பேசாம இருந்தேன்" என்றார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு என் வேலையைப் பற்றிக் கேட்டார். எவ்வளவு நேரம் கத்துவேன், குரல் கம்மினால் என்ன செய்வேன், வேறு வேலை உண்டா என்றெல்லாம் கேட்டார். "கட்டியப் பத்தி எனக்குத் தெரியும். உங்களப் பத்தி நீங்க சொன்னாத்தானே தெரியும்" என்றார். வியாழக்கிழமையை ரத்து செய்துவிட்டார். எடுத்தாலும் தப்பில்லை, கவனித்து வந்தாலும் தப்பில்லை, சில வாரம் யோசிப்பதால் ஒன்றும் கெட்டுவிடாது என்றார்.

அம்மா தப்பித்தாள் என்று நினைக்காதே. நாள் குறித்திருந்தபோது ஒரு பயம்தான், இப்போது இரண்டு. எடுத்தால் குரல் போய்விடுமோ என்று ஒன்று. எடுக்காவிட்டால் தினமும் கண்ணாடி முன் நின்று கழுத்தைத் தடவிக்கொண்டே இருப்பேனே என்று ஒன்று. இதில் எது எனக்குப் பெரிய பயம் என்று யோசித்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறார். வரும்போது, யார் முன்னால் தைரியசாலி வேஷம் போட வேண்டாமோ அவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றும் சொன்னார்.

வழியெல்லாம் யோசித்தேன். அப்பாவால் முடியாது. இப்போதே நான் உப்புப் போட மறந்ததைக்கூட ரொம்ப நன்றாக இருக்கிறது என்று சாப்பிடுகிறார். நான் பயப்படுகிறேன் என்று தெரிந்தால் அந்த மனிதர் இடிந்து உட்கார்ந்துவிடுவார். சந்தையில் அழுததைக்கூட வெயில் தாங்கவில்லை என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன்.

உனக்கு லீவு கிடைப்பது குதிரைக்கொம்பு என்று தெரியும். அதையும் இதையும் படித்துவிட்டு வந்து எனக்குப் பாடம் நடத்த வேண்டாம். எடு, எடுக்காதே என்று நீ சொல்லவும் வேண்டாம், அதை நானும் டாக்டரம்மாவும் பார்த்துக்கொள்கிறோம். அங்கே என் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது என்று நான் சொல்லும்போது நீ அதில் உட்கார்ந்திருக்க வேண்டும். வந்துவிடு கண்ணு. நீ நல்லா இருப்பாய்.

இப்படிக்கு,
பயந்துபோயிருக்கும் உன் அம்மா