பெட்டி சுமந்து மலையேறினவர்

4.11.91 திங்கள்
மழை. ஹீற்றர் பக்கத்தில் இருந்தால் மட்டும் சூடு. அவர் கண்ணை மூடி இருபத்திரண்டாம் நாள். வாங்க: பால், தீப்பெட்டி, வெங்காயம். பழக்கத்தில் இரண்டு பேருக்கான பால்.

நோர்பரியில் கடை வைத்திருக்கிற செல்வம் பேப்பரை விரித்துக் காட்டினான். "அக்கா, அண்ணையின்ரை படம் சனி மத்தியானம் ரிவியிலை போகுது. எத்தினை தரம் அந்தக் கதை சொன்னவர். இனிப் பாக்காமல் தப்ப ஏலாது."

சிரித்தேன். வெளியே வந்துதான் அழுகை.

5.11 செவ்வாய்
அந்தக் கதையை எழுதி வைக்கிறேன், எனக்கும் மறந்துபோகும். அவருக்குப் பத்தொன்பது வயது. லண்டனிலிருந்து பெரிய படக் கம்பனி ஒன்று சிலோனுக்கு வந்தது. உலகம் முழுக்கப் படம் அனுப்பின கம்பனி. வெள்ளைக்காரக் கதாநாயகனுக்குப் பின்னால் பெட்டி சுமக்க ஆள் வேண்டுமாம். இவர் போனார். ஒரே மலையில் பதினொரு தரம் ஏற்றினார்களாம். பெட்டி வெறும் பெட்டி.

லண்டன் வந்த முதல் வருசம் என்னையும் கூட்டிக்கொண்டு அந்தக் கம்பனியின் ஸ்ரூடியோ வாசலுக்குப் போனார். அவர்கள் படமெடுப்பதை விட்டு எவ்வளவோ காலம். காவல்காரனிடம், நானும் இந்தக் கம்பனியில் வேலை செய்தவன் என்று இங்கிலீசில் சொன்னார். அவன் தொப்பியைத் தொட்டான். அன்று முழுக்க இவருக்கு நடை வேறு.

இளவயதுப் போட்டோ ஒன்றும் இல்லை. ஊரில் வீட்டோடு எரிந்தது.

7.11 வியாழன்
மோர்டனிலிருந்து மச்சாள், அவரின் தங்கை. செத்தவீட்டு வீடியோவைத் திரும்பவும் போட்டுப் பார்த்து அழுதா. இருப்பது ஒரே கசற். சனி பின்னேரம் வந்து எடுத்து, கொப்பி அடித்து, ரொறன்ரோவில் இருக்கிற என் மகன் குகனுக்கு அனுப்புவாவாம். அவனுக்கு அங்கே அகதிக் கேஸ் முடியவில்லை, வர ஏலாமல் போனது. கொள்ளி வைக்கவேண்டிய பிள்ளை.

சனிக்கிழமைப் படத்தைப் பற்றிச் சொன்னேன்.

"முப்பத்தொண்டாம் நாள் காரியம் முடியேல்லை, உமக்குப் படம் கேக்குதோ?"

9.11 சனி
குளிர். படத்தில் ஒரு மணித்தியாலமாக வெள்ளைக்காரர் கதைத்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு மலை. எழும்பி வீடியோ மெசினுக்குக் கிட்டப் போனேன். ரெக்கோட் பட்டனை அமத்தினேன்.

ஏறினார். பெட்டி தலையில். மெலிந்த கால். ஒருதரம் திரும்பிப் பார்த்தார். அப்படியே குகனின் காது. அவ்வளவுதான், ஆனால் நிறுத்தக் கை வரவில்லை. படம் முடியும்வரை ஓடவிட்டேன்.

மச்சாள் வந்து போட்டுப் பார்த்தா. செத்தவீடு இல்லை. கடைசியில் மழைக்குள் கார்கள் போவது மட்டும் மிச்சம். மறந்துபோய் அமத்திவிட்டேன் என்றேன். படிக்காத சனத்திடம் மெசினைக் குடுத்தது தன் பிழையாம். தேத்தண்ணி குடிக்காமல் போய்விட்டா.

மறக்கவில்லை. உள்ளே என்ன கசற் என்று தெரிந்துதான் அமத்தினேன்.

10.11 ஞாயிறு
விடிய மூட்டம். சமைக்கவில்லை. பின்னேரம் குகனின் போன். மச்சாள் சொல்லிப்போட்டா.

"ஏனம்மா? மறந்துபோனன் எண்டு எனக்குச் சொல்லாதேங்கோ."

சொல்லவில்லை. அப்பா மலையேறுகிறார், உனக்கு அனுப்புறன் என்றேன்.

"எனக்கு அது வேண்டாம். செத்ததைக் கண்ணாலை பாத்தால்தான் எனக்கு அவர் செத்தவர். இல்லாட்டி உங்கை உங்களோடை இருக்கிறார் எண்டுதான் கிடக்கும்."

"எனக்கும் அப்பிடித்தான் கிடக்குது, ராசா."

பிறகு அழுதான். அவர் போன நாளிலிருந்து இன்றைக்குத்தான். போனைக் காதோடு வைத்துக்கொண்டு நின்றேன்.