உன்னுடையது என்று நீ சொல்லாத கிட்டார்

மச்சான்,

கடற்காற்று கிட்டார்க் கம்பியை விட்டுவைக்காது. இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு அலுமாரிக்கு மேலிருந்து அதை இறக்கித் தடவிப் பார்த்தேன். விரலெல்லாம் துரு மணம். மணத்தோடு உன் ஞாபகம் வந்தது, பின்னாலேயே கோபமும் வந்தது. மௌத்தாகி மண்ணுக்குள் போனவர்களைப் பற்றி நல்லதைத்தான் பேச வேண்டும் என்பார்கள். நான் உன்னைப் பற்றிப் பேசவில்லையே, உன்னிடம்தானே பேசுகிறேன்.

பொத்துவில் பக்கம் ஹோட்டல் வேலைக்குப் போன நீ, நாடு திரும்பும் வெள்ளைக்காரன் ஒருவன் கொடுத்த கிட்டாரோடு கல்முனையில் வந்து இறங்கினாய். உன் வீட்டில் கிட்டாரைத் தொட விடாத வாப்பா இருந்தார், அடுத்த வளவில் பள்ளிவாசல் இருந்தது. ஆகவே என் ஃபோன் கடையின் பின்னறைதான் வாய்த்தது. வீடியோ பார்த்துப் பழகினோம். ஜி, டி, இ மைனர், சி. இந்த நாலு கோர்ட்ஸுக்கும் விரல் வைக்கத் தெரிந்தால் உலகத்துப் பாட்டில் பாதியை அடிக்கலாம் என்றாய். நான் இரண்டோடு நின்றுவிட்டேன், நீ விடவில்லை. சத்தம் வெளியே போகக் கூடாதென்று கம்பிகளுக்கடியில் முகம் துடைக்கும் துவாயைத் திணித்துக்கொள்வாய். டொக் டொக் என்று மட்டும் கேட்கும். பாட்டை நாம் வாய்க்குள் முணுமுணுத்துக்கொள்வோம்.

துவாயை முதன்முதல் எடுத்தது பொத்துவில் கடற்கரையில். ஜி ஒலித்தது, டி ஒலித்தது, இ மைனரும் ஒலித்தது. சி வந்ததும் சத்தம் செத்துப்போயிற்று. உன் சுட்டுவிரல் சாய்ந்து பக்கத்துக் கம்பியை அமுக்கிக்கொண்டிருந்தது. மாதக்கணக்காகப் பிழையாகவே பழகியிருக்கிறாய், துவாய்க்குள் அது தெரியவேயில்லை. நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

"பிழைய எண்டாலும் ஒழுங்காப் பழகியிருக்கன், என்ன மச்சான்?"

பிறகு விரலை நிமிர்த்தி வைத்து, பொழுதுபடும்வரை ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப அடித்தாய். அந்தப் பின்னேரம் ஒன்றுக்காகத்தான் உன்னை முழுதாக வெறுக்க முடியாமல் இருக்கிறது.

சாய்ந்தமருதில் உனக்குச் சம்பந்தம் பேசினார்கள். நம் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருக்க வேண்டும். வரப்போகிறவன் எப்படிப்பட்டவன் என்று விசாரிக்கப் பெண்ணின் காக்கா, மூத்த அண்ணன், நேரே என் கடைக்கே வந்துவிட்டார். பின்னறையில் நீ இருந்தாய், பக்கத்தில் கிட்டார் சுவரோடு சாய்ந்திருந்தது.

"இது யார்ட?"

நீ கொஞ்சமும் யோசிக்கவில்லை. "இவன்ட. நான் சும்மா வந்து கேக்கிறதோட சரி" என்றாய்.

நான் வாய் திறக்கவில்லை. உன் கலியாணம் குழம்பக் கூடாதே. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார்.

அவர் பார்த்ததை ஊரே பார்க்கத் தொடங்கியது. எனக்கு மருதமுனையில் பேசிய சம்பந்தம், பையன் கிட்டார் அடித்துத் திரிகிறவனாம் என்ற ஒரே கதையில் முறிந்தது. அதற்குள் உனக்குக் கலியாணம் முடிந்து அந்தக் காக்கா உன் மச்சானாகியிருந்தார். உன்னிடம் வந்தேன். உன் மச்சானிடம் உண்மையைச் சொல்லிவிடு, வேறொன்றும் வேண்டாம் என்றேன்.

"சொல்றன்டா. புள்ள ஒண்டு பொறக்கட்டும். பொறகு என்ன எவன் கேக்கப் போறான்?"

பிள்ளை பிறந்தது, எழுந்து நடக்கவும் தொடங்கியது. நீ சொல்லவில்லை. ஒரு நாள் நெஞ்சுவலி என்றார்கள், ஆஸ்பத்திரி போய்ச் சேர முன்னரே எல்லாம் முடிந்துவிட்டது. அடக்கம் செய்ய ஜனாஸா போகும் வழியில் உன் மச்சான் எனக்குக் கேட்கும்படியாகவே யாரிடமோ சொன்னார்: "கண்டவன்ட சேர்க்கையெல்லாம் விட்டுத் திருந்தி வந்த மனுசன்." அப்போது உன்னைச் சுமந்த சந்தூக்கின் ஒரு பக்கம் என் தோளில் இருந்தது.

போன கிழமை அவரே என்னைத் தேடி வந்தார். வெளி ஆண்கள் முகம் பாராமல் இத்தாவில் இருக்கும் உன் மனைவி என்னோடு கதைக்க வேண்டும் என்றாளாம். போனேன். அவள் கதவுத் திரைக்குப் பின்னால், நாங்கள் இருவரும் இந்தப் பக்கம்.

"காக்கா, கலியாணம் முடிச்ச புதுசில அவர்ட இடக்கை விரல் நுனியெல்லாம் காச்சிருந்திச்சு. கேட்டா, ஹோட்டல்ட கடல் போட்டுக்குக் கயிறு இழுத்ததெண்டார். கயிறு இழுத்தா உள்ளங்கைதானே காய்க்கும்? அந்தக் கிட்டார் அவர்டயா?"

உன் மச்சான் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை காலமாக நீ சொல்வாய் என்று நான் காத்திருந்தது அந்த ஒரு பதிலுக்குத்தான்.

"ஓம் தங்கச்சி. அவன்டதான். கம்பிய அமுக்கி அமுக்கித்தான் விரல் காச்சது. நல்லா அடிப்பான்."

உன் மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குச் சந்தோசமாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். அதற்குள் அவள் திரைக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.

"நான் வேணாமெண்டா சொல்லியிருப்பன்? ஒரு பாட்டாவது எனக்கு அடிச்சிக் காட்டியிருக்கலாமே. ஏன் காக்கா காட்டல்ல?"

அதற்கு நான் என்ன சொல்ல, மச்சான்? எழுந்து வந்துவிட்டேன். என் பெயரில் இருந்த கறை போய்விட்டது. அவளுக்குச் சொல்ல வேண்டிய பதிலை என் தலையில் கட்டிவிட்டு நீ போய்ப் படுத்துக்கொண்டாய்.