தோல் உறை என் பையில்

என்னங்க,

திருமுக்கூடலில் காதுகுத்து, கிளம்பிவிட்டேன். ரசம் அடுப்பில் இருக்கிறது. சாவியை எதிர்வீட்டுக் குணவதியிடம் கொடுக்காதீர்கள், பீரோ வரை பார்த்துவிடுவாள்.

பழைய கேமரா வாங்க சென்னையிலிருந்து ஒருவர் பதினொரு மணிக்கு வருகிறாராமே? நீங்கள் சொல்லவில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசியதைக் கதவோரம் நின்று கேட்டேன். குணவதிக்கும் தெரியும், நான் பாதிதான் சொன்னேன். "இன்னாக்கா, குனிஞ்சு பாத்து எடுப்பாரே, அந்தக் கேமராவுக்கா இம்மாம் வெலை குடுக்கறாங்கோ?" என்று வாயைப் பிளந்தாள்.

நமக்குக் கல்யாணமாகும் முன் நீங்கள் ஊர்க் கல்யாணங்களுக்குப் படம் எடுத்த கேமரா அது; ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். கல்யாண வீட்டில் பதினொன்றை எடுத்துவிட்டு, ரோலை முடிக்க எங்கள் தெருக் குழாயடிக்கு வந்துவிடுவீர்கள். தலை குனிந்து கேமராவின் மேல்கண்ணாடியையே பார்ப்பீர்கள். ஏறிட்டுப் பார்க்காத நல்ல பிள்ளை என்று தெருவே சொன்னது. கண்ணாடிக்குள் குடத்தோடு நின்றது நான்தான் என்று யாருக்குத் தெரியும்? அந்தக் கடைசிப் படங்கள் முப்பத்தொன்றும் கேமராவின் தோல் உறைக்குள்தான் இருக்கின்றன.

பி.கு: உறை இல்லாவிட்டால் பாதி விலைதான் என்று அவர் சொன்னதும் காதில் விழுந்தது. உறையை நான் எடுத்துப் போகிறேன். பாதி விலைக்கு எதையும் கொடுக்கிற ஆளா நீங்கள்?

பிளாஸ்கில் காபி இருக்கிறது. பாவம், வெயிலில் வருவார், கொடுத்து அனுப்புங்கள்.