அம்மாவின் 168

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே இருவரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் முப்பத்தாறு வருஷம் பத்திரிகையில் குப்பை கொட்டியவனுக்கு உறுதி செய்யாத செய்தியை எழுதக் கை வரவில்லை. ஒருவர் சுகம், இன்னொருவர் ஏறக்குறைய சுகம். பயப்படாமல் முழுவதும் படி.

போன மாதம் டாக்டரம்மா எனக்கு ரத்த அழுத்தம் 150 இருக்கிறது, வீட்டிலேயே மெஷின் வாங்கி இரண்டு வாரம் காலையும் மாலையும் அளந்து எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார். அன்றைக்கே உன் அம்மா ஆட்சியைப் பிடித்துவிட்டாள். சிகரெட் போயிற்று, அகராதிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்ததும் சேர்த்து. தினமும் நாற்பது நிமிடம் நடை, அவள் மாடியில் நின்றபடி நான் எத்தனை சுற்று வருகிறேன் என்று விரல் விட்டு எண்ணுவாள். சாப்பாட்டில் என் தட்டுக்கு உப்பில்லை, அவள் தட்டுக்கு உண்டு, கேட்டால் "வியாதி உங்களுக்கா எனக்கா?" என்றாள். கையில் மெஷினின் பட்டையைக் கட்டிவிட்டால் நான் எழுந்து ஓட முடியாது என்பதையும் கண்டுபிடித்துவிட்டாள். மெஷின் புஸ்ஸென்று காற்றடிக்கும்போதுதான் குழாய்க்காரனுக்குப் போன் பண்ணியாச்சா, சித்தப்பாவுக்குப் பதில் எழுதியாச்சா, வாயில என்ன வாசனை என்று விசாரணை நடக்கும். தினமும் 150க்குக் குறையாமல் வந்தது.

பத்தாம் நாள்தான் மெஷினோடு வந்த தாளைப் படித்தேன். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, பாதத்தைத் தரையில் ஊன்றி, பேசாமல் அளக்க வேண்டுமாம். அவள் குளிக்கப் போன நேரத்தில் அப்படியே அளந்தேன், 134. எது நிஜம்? ஒரே வாயை நம்பிச் செய்தி போடாதே என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். அதனால் சரிபார்க்க உன் அம்மா கையில் பட்டையைக் கட்டி, அதே தாளில் சொன்னபடி அளந்தேன். 168/102. மெஷின் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டினேன். பின்னே, பிரஷர் கொடுக்கிறவளுக்குப் பிரஷர் வரும் என்று யார் நினைப்பார்கள்? மருந்துக்கடைக்குப் போய் ஓட்டை மெஷினைத் தலையில் கட்டிவிட்டாய் என்று சத்தம் போட்டேன். என்னைத் திட்டுவதற்காக உன் அம்மாவும் கூடவே வந்திருந்தாள். கடைக்காரர் நிதானமான மனுஷர். தன் கையில் அளந்தார், 118. புது மெஷினைப் பிரித்தார், அம்மாவை உட்கார வைத்து ஐந்து நிமிடம் கழித்து அளந்தார், 170. "சார், மெஷின் ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. நீங்க அம்மாவை டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றார். கடையிலிருந்த நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்குத் தலைவலிகூட இல்லையே என்று உன் அம்மா டாக்டரம்மாவிடம் வாதாடினாள். "அதாம்மா இதோட குணமே. ஒண்ணும் சொல்லாம உள்ளயே இருக்கும், சொல்ற அன்னைக்கு இதயம் அடி வாங்கியிருக்கும்" என்றார் அவர். ஒரு மாத்திரை, உப்பைக் குறைக்க வேண்டும், நடக்க வேண்டும். கடைசியாக எத்தனை மணி நேரம் தூங்குறீங்க என்று கேட்டார். நாலு என்றாள். ஏன் என்று நான் துருவியபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

நீ வேலை முடிந்து அழைக்கும் நேரம் இங்கே விடியற்காலை நாலரை. தூங்கிப்போனால் பிள்ளை ஏமாந்துவிடும் என்று மூன்று மணிக்கே எழுந்து, கடுங்காபி குடித்துவிட்டு, போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். நீ வெளிநாடு போனதிலிருந்து, ஏழு வருஷமாக. உன்னிடம் மட்டும் "இப்பதான் கண்ணு எழுந்தேன்" என்பாள். ஊரில் எவன் வீட்டில் என்ன நடந்தாலும் மோப்பம் பிடித்தவன், பக்கத்துத் தலையணையில் நடந்ததைக் கோட்டைவிட்டேன்.

உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். "பிள்ளைகிட்ட மூச்சு விட்டீங்க, மாத்திரையைத் தொட மாட்டேன்" என்றாள். ஆகவே நீ இனிமேல் எங்களுக்கு மாலை ஏழு மணிக்கு அழை, அது நீ வேலைக்குக் கிளம்புகிற நேரமாக இருக்கும். ஆபீசில் நேரம் மாற்றிவிட்டார்கள் என்று ஒரு பொய் சொல். பொய்ச் செய்தி போடாதவன் முதல் தடவையாகக் கேட்கிறேன். இப்போது இருவர் தட்டிலும் உப்பில்லை, இருவரும் நடக்கிறோம், அவள் முன்னால், நான் பின்னால். அளக்கும்போது ஐந்து நிமிடம் வாய் திறக்காமல் இருப்பதுதான் அவளுக்கு மாத்திரையைவிடக் கசக்கிறது. நேற்று 152, இறங்கிக்கொண்டிருக்கிறது. இது குடும்பச் சொத்து மாதிரி பிள்ளைகளுக்கும் வருமாம், அதனால் நீயும் ஒரு தடவை அளந்து பார். பாக்கெட் நூடுல்ஸை நின்றுகொண்டே சாப்பிட்டு அதைச் சமையல் என்று சொல்லாதே.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் இருக்க வேண்டும். ஏழு மணியை மறந்துவிடாதே. முதல் நாள் மாலை நீ அழைக்கும்போது பழக்க தோஷத்தில் "இப்பதான் கண்ணு எழுந்தேன்" என்றுதான் சொல்வாள். சிரித்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா
(இன்று காலை 128, பேசாமல் எடுத்தது)