பஜ்ஜி எண்ணெயில் ஓடிய தறி

திருத்தணி,
ஆனி மாதக் கடைசி

அன்பு மகன் தீனதயாளனுக்கு அம்மா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நாங்கள் சௌக்கியம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். உன் நைனாவுக்கு மட்டும் ரத்தத்தில் கொழுப்பு ஏறியிருக்கிறதாம், வாயில் இருப்பதுதான் நமக்குத் தெரியுமே. போனில் இதையெல்லாம் பேச முடியாது, நீ கூப்பிட்டால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டு உட்காருகிறார், அதனால்தான் தபாலில் எழுதுகிறேன்.

எல்லாம் உன்னால் வந்த வினை. சமைத்து மீந்த எண்ணெயிலிருந்து விமானத்துக்கே எரிபொருள் எடுக்கிறோம் என்று நெதர்லாந்திலிருந்து பெருமையாகச் சொன்னாய், அதோடு இன்னும் இரண்டு வருஷம் அங்கேயே வேலை பார்க்கக் கையெழுத்துப் போடப் போவதாகவும் சொன்னாய். அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் பஸ் ஸ்டாண்டு ஆனந்தன் பஜ்ஜிக் கடையிலிருந்து ஒரு டின் கறுப்பு எண்ணெயோடு வந்து நின்றார். இந்தக் காற்றுக் காலத்தில் கரண்ட் போய்ப் போய் வருகிறது, அப்போது தறி ஓட்ட வைத்திருக்கிறோமே ஜெனரேட்டர், அதில் பாதி டீசலும் பாதி பஜ்ஜி எண்ணெயும் ஊற்றினார். அதுவும் கொஞ்சம் இருமிவிட்டு ஓடியது. அவ்வளவுதான், மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை. பெட்ரோலில் கரும்புச் சாராயம் கலக்கிறார்கள், டீசலில் இதைக் கலந்தால் என்ன, திருவாலங்காட்டுக் கரும்பும் திருத்தணி பஜ்ஜியும் இருக்கிறவரை அரபு நாட்டுக்காரனிடம் எதற்குக் கையேந்த வேண்டும் என்று தெருவெல்லாம் பேச்சு.

ஓடியது நிஜம், குறை சொல்லக் கூடாது. ஆனால் ஆனந்தன் கடை எண்ணெய் யானைப் பசிக்குச் சோளப்பொரி. வியாபாரம் பெருகினால் எண்ணெயும் பெருகும் என்று தினம் சாயங்காலம் இவரே போய் ஒரு தட்டு பஜ்ஜி தின்றார், போகிறவர் வருகிறவருக்கும் வாங்கிக் கொடுத்தார். ரத்தம் சோதித்த டாக்டரம்மா என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதற்கு, "எனக்காகவா துன்றேன், ஜெனரேட்டருக்காகத் துன்றேன்" என்று பதில் சொல்கிறார். அந்தம்மா என்னைத்தான் ஒரு பார்வை பார்த்தார்கள். அப்புறம் என் பிறந்த வீட்டில் கொடுத்த அரை ஏக்கரில் நெல்லை எடுத்துவிட்டுப் புங்கமரம் வைக்கலாம், விதையில் எண்ணெய் எடுக்கலாம் என்றார். சோற்றுக்கு ஜெனரேட்டரிடமா போய்த் தட்டை நீட்டுவது என்று கேட்டேன், அத்தோடு அந்தப் பேச்சை விட்டார்.

விட்டவர் சும்மா இருந்தாரா? ஆனந்தன் கடைக்குப் பக்கத்தில் சிக்கன் பக்கோடா வண்டி இருக்கிறது, அங்கேயும் டின்னை நீட்டிவிட்டார். அந்த நேரம் தறியில் ஓடியது ஆனிக் கிருத்திகைக்குக் காவடி எடுப்பவர்கள் உடுத்துகிற மஞ்சள் வேட்டி. ஜெனரேட்டர் புகை முழுவதும் தறிக்கூடத்துக்குள்தான். மலையடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கும் பக்தவச்சலம் வந்து கட்டுக்கட்டாக எடுத்துக்கொண்டு போனார், அவருக்குத்தான் மூக்கடைப்பாயிற்றே. நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் வந்த ஜனங்கள், வயிற்றில் விரதம், இடுப்பில் சிக்கன் பக்கோடா வாசனை. படி ஏற ஏற வியர்வையோடு வாசனையும் ஏறியிருக்கிறது. ஒருத்தர் பாதிப் படியில் நின்று, கோயில் படியில் எவன் கடை போட்டது என்று சண்டைக்கே போய்விட்டாராம். பக்தவச்சலம் மிச்ச வேட்டியைக் கொண்டுவந்து வாசலில் போட்டு, "அண்ணே, நீ வேட்டி நெய்றியா, பிரியாணி போட்றியா?" என்று கேட்டார். உன் நைனாவுக்கு முகம் சுண்டிப்போனது.

அத்தனை வேட்டியையும் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து அலசினோம். திட்டிக்கொண்டேதான் அலசினேன், இந்த வயதில் உமக்கு ஏன் இந்தப் பாடு என்றும் கேட்டேன். தலையை நிமிர்த்தாமல் சொன்னார், "அங்க செய்றத இங்கயே செய்ய முடிஞ்சா, புள்ள ஏன் அங்க இருக்கணும்?" டீசல் இருந்தால் என்ன ஒழிந்தால் என்ன, அவருக்கு நீ வரவேண்டும். எனக்கும்தான்.

ஆடி இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் கேட்கப் போகிறார், உலகம் முழுக்க இந்த எண்ணெயில் ஓடுமா, உள்ளதைச் சொல் என்று. எனக்கே பதில் தெரியும். ஊரைக் கூட்டி பஜ்ஜி தின்றும் நம் நாலு தறிக்கே பற்றவில்லை, கொஞ்சத்துக்கு உதவும், முழுசுக்கு ஆகாது. நீ படித்தவன், இதையே கணக்குப் போட்டுச் சொல்வாய். ஆனால் போனில் சொல்லிவிடாதே கண்ணு. ஆகாது என்று சொன்னால் நீ இனி வரமாட்டாய் என்று இடிந்து உட்கார்ந்துவிடுவார், ஆகும் என்று சொன்னால் மறுபடி டின்னைத் தூக்குவார். நேரில் வந்து சொல்கிறேன் நைனா என்று மட்டும் சொல். ஆடிக் கிருத்திகைக்கு வா, அந்தக் கையெழுத்தைப் போடுவதா வேண்டாமா என்று அவர் முகத்தைப் பார்த்த பிறகு முடிவு பண்ணு.

மழையில் நனையாதே, ராத்திரி பட்டினியாகப் படுக்காதே. தணிகைமலையான் உனக்கு ஒரு குறையும் வைக்கமாட்டான், எங்கள் ஆசி என்றைக்கும் உண்டு. ஒன்று மட்டும் மறக்காதே, டிக்கெட் போட்டதும் என்னிடம் சொல்லாதே, முதலில் அவரிடம் சொல்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா யோகலட்சுமி