பதினோராம் பக்கத்து வாத்து

தரங்கம்பாடி,
புதன்கிழமை.

அன்புள்ள ஜெமிக்கு, அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லோரும் சுகம் என்று ஆரம்பிக்கும்படி உன் அப்பா நாற்காலிக்குப் பின்னால் நின்று சொல்கிறார், ஆரம்பித்துவிட்டேன். அவருடைய இடது முழங்கை மட்டும் அவ்வளவு சுகமில்லை, சிராய்ப்புதான், காரணம் கீழே வருகிறது. லைப்சிக் குளிரில் நீ காதை மூடிக்கொண்டுதான் வெளியே போகிறாய் என்று நம்புகிறேன், நம்பிக்கைக்கு ஆதாரம் எதுவும் என்னிடம் இல்லை. போனில் சொன்னால் பாதியில் அப்பா பிடுங்கிக்கொண்டு கதையை மாற்றிவிடுவார், அதனால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

உன் வாத்துப் புத்தகம். பதினோராம் பக்கத்து வரி உயிரில்லாமல் இருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் புத்தகம் அடுத்த வருடம்தான் என்று சென்னைப் பதிப்பகத்தில் சொல்லிவிட்டதாக எழுதியிருந்தாய். ஒற்றுமையாக இருக்க வேண்டும், உதவி கேட்கக் கூச்சப்படக் கூடாது என்று குழந்தைகளுக்குச் சொல்லித்தரும் புத்தகங்கள்மேல் எனக்குப் பெரிய மதிப்பு கிடையாது, அவற்றை வாங்கிக் கொடுக்கும் பெரியவர்கள் யாரும் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. ஆனால் இது உன் முதல் புத்தகம், படங்களும் நன்றாக இருக்கின்றன. சம்பா அறுப்பு முடிந்த வயலில் வாத்துகள் இறங்கும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், தண்ணீர் இங்கே நிற்கும் அதே நிறம்தான். வாய்க்கால் மதகுப் பலகைக்கு அடியில் தவளை மாட்டிக்கொள்வதும், குட்டி வாத்து தனியாகவே பலகையை முட்டி முட்டித் தோற்பதும் சரி. பிறகு அது மற்ற வாத்துகளிடம் திரும்பி, "தயவுசெய்து எனக்கு உதவி செய்வீர்களா?" என்று கேட்கிறது. இலக்கணப் பிழை இல்லை. ஆனாலும் ஏதோ சரியில்லை, என்னவென்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை. கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவள் வெறும் ஊகத்தை நம்பக் கூடாதல்லவா, அதனால் அப்பாவின் ஞாயிறு பள்ளி வகுப்பைக் கொஞ்ச நேரம் வாங்கிக்கொண்டு, லேப்டாப்பில் படங்களைக் காட்டிப் பிள்ளைகளுக்கு வாசித்தேன்.

பத்தாம் பக்கம் வரை சத்தமே இல்லை. பதினோராம் பக்கத்தில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். இது சிரிக்கிற இடமில்லை என்றேன், இன்னும் சிரித்தார்கள். எதிர்வீட்டு வீரமணி, மலர்கொடியின் மகள் செம்மொழியை உனக்கு நினைவிருக்கும், இப்போது மூன்றாம் வகுப்பு, அவர்கள் மாரியம்மன் கோயில்காரர்கள்தான், ஆனாலும் பிஸ்கட்டுக்காக ஞாயிறு தவறாமல் வந்துவிடுவாள். அவள் எழுந்து, "தயவுசெய்துன்னு ரேஷன் கடை போர்டுலதான் டீச்சர் எழுதியிருக்கும், வாத்து அதப் படிச்சிச்சா?" என்று கேட்டாள். அது பேங்கில் வேலை பார்க்கிற வாத்து என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் விளக்கினான். அதற்குப் பிறகு கடைசி வரை அது பேங்க் வாத்துதான். தவளை பிழைத்ததை ஒருவரும் கவனிக்கவில்லை.

அன்றிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டு திரிந்தேன். உதவித்தொகை, உதவி ஆய்வாளர், உதவி மையம் எல்லாம் காதில் விழுந்தன, எல்லாம் சர்க்கார் வீட்டுப் பிள்ளைகள். ஒரு மனிதர் இன்னொருவரிடம் உதவி என்று கேட்டது மட்டும் ஒரு தடவைகூடக் காதில் விழவில்லை. படகுகள் என்னவோ தினமும் கரையேறுகின்றன, யாரோ யாரையோ எதையோ சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அது என்னவென்று தெரிந்துகொள்ளக் கடற்கரைக்குப் போய் நின்றால், வாங்க டீச்சர் என்று எழுந்து பேச்சை நிறுத்திவிடுகிறார்கள்.

நேற்று உன் அப்பா முன்னறை இரும்பு பீரோவை நகர்த்தினார். உப்புக்காற்றில் பின்சுவர் பொரிந்து கொட்டுகிறது, ஈஸ்டருக்குள் வெள்ளையடிக்க வேண்டுமாம். நான் வரும்வரை பொறுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் கல்லூரிக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் பீரோ சாய்ந்து சுவரில் முட்டிக்கொண்டு நிற்கிறது, அவர் அதற்கும் சுவருக்கும் நடுவில் நிற்கிறார். வலிக்கிறதா என்றேன், இல்லை, யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்றார். தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. இந்தத் தெருவில் நான் யாரையும் எதற்கும் கூப்பிட்டதில்லை, காப்பித்தூள் தீர்ந்துபோனால் காப்பி குடிக்காமல் இருந்துவிடுகிறவள். வாசலுக்கு ஓடினேன். வீரமணி அவர் வீட்டு முன்னால் உட்கார்ந்து வலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். யோசிக்க நேரமில்லை, வாய் தானாகச் சொன்னது, "ஒரு கை புடிங்க." ஏன் என்று அவர் கேட்கவே இல்லை. வலையை அப்படியே கீழே போட்டுவிட்டு வந்தார், மலர்கொடி அடுப்பை அணைத்துவிட்டு வந்தார், செம்மொழி வேடிக்கை பார்க்க வந்தாள். "சார், உள்ளாற என்ன சார் பண்றீங்க?" என்று வீரமணி எட்டிப் பார்த்தார். உன் அப்பா அங்கிருந்தபடியே வணக்கம் சொன்னார்.

மூன்று பேருமாகப் பீரோவைத் தூக்கிப் பிடித்திருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. வாத்து சொல்ல வேண்டியது இதுதான், ஒரு கை புடிங்க, என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். உடனே செம்மொழி, "வாத்துக்குக் கை ஏது டீச்சர்?" என்றாள். நியாயமான கேள்வி. பீரோ பாதியில் நின்றது. அப்படியானால் காலைப் பிடிக்கச் சொல்லலாம் என்றார் வீரமணி, காலைப் பிடிப்பது வேறு விவகாரம் என்றேன். மலர்கொடி தோளில் தாங்கியபடியே, "வாத்துக்குக் கைன்னா றெக்கைதான டீச்சர், ஒரு றெக்கை புடிங்கன்னு சொல்லட்டும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்து பிடி நழுவப் பார்த்தது. பீரோவுக்குப் பின்னாலிருந்து உன் அப்பா, "எல்சி, வாத்த அப்பறம் பாத்துக்கலாம், மொதல்ல பீரோவப் புடிங்க" என்றார். சிராய்ப்பு அப்போது வந்ததுதான்.

ஆகவே பதினோராம் பக்கத்தில் "ஒரு றெக்கை புடிங்க" என்று போடு. இன்று காலை பள்ளிக்குப் போகிற பிள்ளைகளை வாசலில் நிறுத்தி வாசித்துக் காட்டினேன். சிரித்தார்கள், ஆனால் சிரித்துக்கொண்டே அடுத்த பக்கத்தைத் தள்ளச் சொன்னார்கள், புள்ளியியல் கணக்கில் மாதிரி சிறியது என்றாலும் முடிவை நான் ஏற்கிறேன். புடிங்க என்பதைப் பிடியுங்கள் என்று பதிப்பகத்தில் யாராவது திருத்த வந்தால் அம்மா ஒப்புக்கொள்ளவில்லை என்று சொல். கடைசிப் பக்கத்தில் வாத்து எல்லோருக்கும் நன்றி சொல்கிறதே, அதையும் எடுத்துவிடு. நேற்று நான் வீரமணிக்கு நன்றி என்றேன், மனிதருக்கு முகம் சுருங்கிவிட்டது, "என்னா டீச்சர், அந்நியமா பேசுறீங்க" என்றார். மலர்கொடியின் பெயரைப் புத்தகத்தில் போடுவதாக நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன், உன்னைக் கேட்காமல்தான், போட்டுவிடு.

அரிசி வடகம் அனுப்பியிருக்கிறேன், குளிருக்கு நல்லது என்றெல்லாம் இல்லை, உனக்குப் பிடிக்கும் என்பதால். கர்த்தர் உன்னை ஆசீர்வதித்துக் காப்பாராக, இது அப்பா சொல்லச் சொன்னது, நானும் சேர்ந்தே சொல்கிறேன். கடைசியாக ஒன்று. விசா, வீடு, பல் பிடுங்கியது எல்லாம் முடிந்த பிறகுதான் நீ எங்களுக்குச் சொல்வாய். இந்த வாத்து விஷயத்தை மட்டும் முடிவதற்கு முன்பே சொன்னாய். அன்று என் போனில் உன் பெயருக்குக் கீழே டைப் செய்கிறாய் என்று வெகுநேரம் காட்டிக் காட்டி நின்றது, அடுப்பில் பால் பொங்கி வழிவதைக்கூடக் கவனிக்காமல் நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன், கடைசியில் வந்தது இரண்டே வரி. எவ்வளவு எழுதி அழித்தாய் என்று தெரியவில்லை. இனிமேல் அழிக்காமல் அனுப்பு, பிழை இருந்தால் நான் திருத்திக்கொள்கிறேன்.

உன் அம்மா,
எல்சி