பக்கத்து இருக்கைக்கு வந்தவர்

பல்மீரா,
அக்டோபர் 14

என் கருப்பி நூபியாவுக்கு,

நான் நலம். நீயும் உன் தங்கை அம்பாரோவும் அவள் வீட்டுக்காரன் ஒவீதியோவும் அந்த மலைக்குளிரில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அறுவடைக்காகக் கரும்புக் காட்டுக்குத் தீ வைக்கத் தொடங்கிவிட்டார்கள். காயப்போட்ட சட்டையெல்லாம் கரிப்பொட்டு. வெள்ளைத் துணியைச் சாயங்காலம் வெளியே போடாதே என்று நீ கத்துவது காதில் விழுகிறது. போட்ட பிறகுதான் விழுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். ‘எல் மங்லார்’ திரும்பி வருகிறது. நம்முடைய இசைக்குழு. உயிரோடு இருக்கிற கிழவர்கள் எல்லாரும் டிசம்பர் 27-ஆம் தேதி ஒரே ஒரு இரவு, இங்கே விளையாட்டு அரங்கில் மேடை ஏறுகிறார்கள். டிக்கெட் இணையத்தில் விற்ற அன்று நம் மகள் லெய்டி மாட்ரிட்டில் வேலைக்கு நடுவே உட்கார்ந்து எனக்காக இரண்டு பிடித்துக் கொடுத்தாள். மேடைக்கு வலது பக்கம், அடுத்தடுத்த இருக்கைகள். உன்னுடையதை அச்செடுத்து இதோடு வைத்திருக்கிறேன்.

ஆற்றங்கரை நடனக் கூடத்தில் மின்சாரம் போன சனிக்கிழமை நினைவிருக்கிறதா? ஒலிபெருக்கி செத்துவிட்டது. அவர்கள் நிறுத்தவில்லை. இருட்டில் வாசித்துக்கொண்டே போனார்கள், நாம் ஆடிக்கொண்டே இருந்தோம். வெளியே சர்க்கரை ஆலை லாரிகள் வந்து முகப்பு விளக்கைப் போட்டபோது கூடமே நம்மைச் சுற்றி வட்டமாக நின்றிருந்தது. இந்தப் பள்ளத்தாக்கில் என்னைப்போல ஆடுகிறவன் கிடையாது என்று அன்று எல்லாரும் சொன்னார்கள். உண்மையை அடக்கத்துக்காக மறுக்கக் கூடாது.

மூன்று மாதம் உன் அம்மாவைப் பார்த்துக்கொண்டு வருகிறேன் என்று போனாய். அம்மா போய்ச் சேர்ந்தும் வருஷங்கள் ஓடிவிட்டன. நான் ஒன்றும் கேட்டதில்லை, இப்போதும் கேட்கவில்லை. ஒரு ராத்திரி வந்து என் பக்கத்தில் உட்கார். போதும்.

உன்
அர்ஹெமிரோ


மனிசாலெஸ்,
நவம்பர் 2

அன்புள்ள அர்ஹெமிரோ,

கடிதம் வந்தது. படித்துச் சிரித்தேன், கொஞ்சம் கண்ணும் கலங்கியது. அந்த இருட்டு எனக்கும் நினைவிருக்கிறது. உன் தலையெண்ணெய் வாசனையை வைத்துத்தான் நீ எங்கே இருக்கிறாய் என்று கண்டுபிடித்தேன்.

ஆனால் நான் வரவில்லை. ஆகஸ்டில் முட்டியில் அறுவை சிகிச்சை செய்தார்கள். லெய்டியிடம் உனக்குச் சொல்ல வேண்டாம் என்றேன், சொன்னால் நீ வந்து நிற்பாய். இப்போது கம்பில்லாமல் கடைத்தெரு வரை போகிறேன். ஆனால் எல் மங்லார் வாசிக்கும்போது ஒரு கூட்டத்தின் நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கச் சொன்னால் என்னால் முடியாது. அதைவிட வராமல் இருப்பது மேல்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. வாங்குவதற்கு முன்னால் என்னைக் கேட்டிருக்கலாம்.

டிக்கெட்டை வீணாக்க மனமில்லை. வேண்டாத டிக்கெட்டை மறுபடி விற்க இணையத்தில் ஒரு சந்தை இருக்கிறதாம், அம்பாரோ காட்டினாள். நம்முடைய எண்ணைப் போட்டுவிட்டால், வாங்குகிறவர் பெயருக்குப் புதிதாக ஒன்று போகும். கையில் இருக்கிற தாள் செல்லாமல் போய்விடும். அரங்கு நிறைந்துவிட்டதால் மூன்று மடங்கு கேள் என்கிறாள் அம்பாரோ. கிழவர்களின் பாட்டைக் கேட்க வருகிறவனிடம் கொள்ளையடிக்க வேண்டாம், வாங்கிய விலையே போடு என்றேன். வருகிற பணம் உனக்கு வந்து சேரும்.

மாத்திரையை ஒழுங்காகப் போடு.

நூபியா


பல்மீரா,
நவம்பர் 13

நூபியா,

முட்டியைப் பற்றி எனக்குச் சொல்லாமல் விட்டீர்கள், தாயும் மகளும். சரி. வந்து நின்றிருப்பேன் என்பது உண்மைதான்.

பணம் எனக்கு வேண்டாம். அந்த டிக்கெட்டை விற்காதே. நீ வராவிட்டால் அந்த நாற்காலி சும்மா கிடக்கட்டும், என் மேல்சட்டையை மடித்து வைத்துக்கொள்கிறேன். பழைய மிக்ஸி விற்கிற சந்தையில் என் பக்கத்து இடத்தைக் கொண்டுபோய் வைத்திருக்கிறாய். பக்கத்து வீட்டு மர்லேனி போனில் காட்டினாள்: ‘ஒரு இருக்கை, வலப்பக்கம், உரியவர் வர இயலவில்லை.’ உரியவர் வர இயலவில்லை. அதைப் படித்துவிட்டு அன்று நான் சாப்பிடவில்லை.

அர்ஹெமிரோ


மனிசாலெஸ்,
டிசம்பர் 6

அன்புள்ள அர்ஹெமிரோ,

நாளை மாதாவுக்கு விளக்கேற்றும் மெழுகுவத்தி இரவு. ஒவீதியோ வாசலில் பலகை போட்டுத் தயாராக வைத்திருக்கிறான். நீயும் இரண்டு மெழுகுவத்தியாவது ஏற்றி வை.

டிக்கெட் போய்விட்டது. சந்தை என்று நீ சொன்னது சரிதான், என்னென்ன ஆட்கள். ஒருவன் பாதி விலையும் இரண்டு கோழியும் தருகிறேன் என்றான். ஒரு பெண், பக்கத்து இருக்கைக்காரர் குண்டா, வியர்வை நாறுமா என்று கேட்டாள். இரண்டுக்கும் என்ன பதில் எழுதினேன் என்று உனக்குச் சொல்லமாட்டேன்.

பிறகு ஹைர் மொஸ்கேரா என்று ஒருவர் வந்தார். என்ன விலையானாலும் சரி, உடனே வாங்கிக்கொள்கிறேன் என்று எழுதினார். அம்பாரோ குதித்தாள். கடைசி வரியில், ‘அம்மணி, உங்கள் முட்டி இப்போது எப்படி இருக்கிறது?’ என்று கேட்டிருந்தார். அம்பாரோ சொன்னாள்: “அக்கா, இந்த ஆளுக்கு உன் முட்டி எப்பிடித் தெரியும்?” இரண்டு பேரும் சமையலறையில் சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் வந்துவிட்டது.

முட்டி பரவாயில்லை, மொஸ்கேரா ஐயா. ஆனால் உமக்கு விற்கவில்லை. காலி நாற்காலிக்குப் பக்கத்தில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நீ உட்கார்ந்திருப்பதை நினைத்தால் எனக்கு இங்கே தூக்கம் வராது.

புவெனவெந்துரா துறைமுகத்திலிருந்து எலியேசர் ரியாஸ்கோஸ் என்பவருக்குக் கொடுத்தேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: அந்த இடத்திலிருந்து ட்ராம்போன் ஊதுகிறவர்கள் தெரிவார்களா? தெரிவார்கள் என்று எழுதினேன். வயதானவர் போலிருக்கிறது, பஸ் பிடித்து வருகிறார். அவரிடம் மரியாதையாக நடந்துகொள். சாப்பிட்டாரா என்று கேள்.

நூபியா


பல்மீரா,
டிசம்பர் 30

என் கருப்பி,

இதை இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். மூன்றாவது முறை அப்படியே அனுப்புகிறேன்.

அன்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சீக்கிரமே போய் உட்கார்ந்துவிட்டேன். உன் இடத்துக்கு யார் வந்தாலும் பேசுவதில்லை என்ற முடிவோடுதான் போனேன். வந்தவர் என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். மெலிந்த உடம்பு, தேய்த்த சாம்பல்நிற கோட்டு, பெரிய கைகள். உட்கார்ந்ததும் வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்து, வறுத்த மீனில் பாதியை என் பக்கம் நீட்டினார். சாப்பிட்டீர்களா என்று நான் கேட்க வேண்டும் என்றாய். அவர் முந்திக்கொண்டார்.

திரை விலகியது. நூபியா, எல்லாரும் கிழவர்களாகிவிட்டார்கள். பாடகனை இரண்டு பேர் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஆனால் முதல் பாட்டுக்கு ட்ராம்போன்கள் எழுந்ததும் எனக்கு முதுகெல்லாம் சிலிர்த்துவிட்டது. அரங்கமே எழுந்து நாற்காலிகளைத் தள்ளிவிட்டு ஆடியது. நான் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் இருந்தவரும் எழுந்திருக்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவருடைய வலது கை மடிமேல் முன்னும் பின்னும் போய்வந்துகொண்டிருந்தது, குழலை இழுத்து விடுவதுபோல. மேடையில் இருப்பவர்கள் இழுப்பதற்கு ஒரு நொடி முன்னால் அந்தக் கை இழுத்தது. அப்போதுதான் முகம் பிடிபட்டது. பின்வரிசையில் நிற்பாரே, இரண்டாவது ட்ராம்போன், எப்போதும் கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பவர்.

இடைவேளையில் கேட்டேன்.

“ஐயா, நீங்க அங்க மேல இல்ல நிக்கணும்?”

“கூப்பிட்டாங்க தம்பி. பல்லு போச்சு, ஊத முடியாதுன்னேன். பரவால்ல, சும்மா மேடையில வந்து நின்னு கையை ஆட்டுங்கன்னாங்க. ஊதாம மேடையில நிக்க நான் என்ன மேயரா?”

“முன்வரிசையில இடம் குடுத்திருப்பாங்களே.”

“குடுத்தாங்க. முன்வரிசையில உக்காந்தா அவங்க என்னையப் பாத்துப் பாத்து வாசிப்பாங்க. பாவம், அவங்களாவது நிம்மதியா வாசிக்கட்டும். அதான் எந்த மகராசியோ விக்கிறாங்கன்னு இத வாங்கிக்கிட்டு வந்தேன்.”

இரண்டு கோப்பை லுலாடா பழச்சாறு வாங்கிவந்தேன். குடித்துக்கொண்டே ஆற்றங்கரைக் கூடத்தைப் பற்றிப் பேசினோம். மின்சாரம் போன இரவை நான் சொல்ல வாயெடுத்தேன். அவரே சொன்னார்.

“அந்த ராத்திரி ஒரு ஜோடி ஆடுச்சு பாருங்க. சனிக்கிழமை தவறாம வருவாங்க, எங்களுக்கு வலப்பக்கம் நின்னுதான் ஆடுவாங்க. அந்தப் பொண்ணு மாதிரி ஒருத்திய நான் இதுவரைக்கும் பாக்கல.”

எனக்கு நெஞ்சு விம்மியது. “கூட ஆடினவன்?” என்றேன், ஒன்றும் தெரியாதவன்போல.

“அவனா?” என்று சிரித்தார். “அழகா இருப்பான். ஆனா தாளம் பிடிபடாது, பாவம். எப்பவும் அரைத் தாளம் பின்னாடி. இன்னைக்காவது பிடிப்பானான்னு நாங்க மேடையில பந்தயம் கட்டுவோம். அந்தப் பொண்ணு என்ன பண்ணும்னா, தூக்கின கால அப்பிடியே நிறுத்தி, அவன் வர்ற வரைக்கும் காத்திருந்து வைக்கும். கீழ நிக்கிறவங்களுக்கு அது ஏதோ புது பாணி மாதிரித் தெரியும். கை தட்டுவாங்க. அவன் தனக்குத்தான்னு நெனச்சுக்குவான்.”

நான் லுலாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நீங்க ஆடுவீங்களா தம்பி?” என்று கேட்டார்.

“இல்லீங்க. பாக்க மட்டும்தான் வருவேன்.”

இரண்டாம் பாதி முழுக்க அவர் கையை மட்டும் பார்த்தேன். தாளம் எங்கே விழுகிறது என்று எண்ணிப் பார்த்தேன். என் கால் அதற்குப் பிறகுதான் தட்டுகிறது, நூபியா. ஒவ்வொரு தடவையும். முன்னால் தட்டப் பார்த்தால் கால் பின்னிக்கொள்கிறது.

முடிந்ததும் பஸ் நிலையம் வரை அவரோடு நடந்து போய் ஏற்றிவிட்டேன். கை குலுக்கும்போது, டிக்கெட் விற்ற அம்மாவுக்கு நன்றி சொல்ல முடியவில்லையே என்று வருத்தப்பட்டார். நான் சொல்லிவிடுகிறேன் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அவருடைய கதை கெட்டுப்போகும்.

அவர் சொன்னது உண்மையா? உண்மையென்றால் ஏன் ஒரு நாளும் சொல்லவில்லை? அதோடு, இத்தனை வருஷம் கேட்காததையும் கேட்டுவிடுகிறேன். அம்மா போன பிறகு ஏன் நீ வீட்டுக்கு வரவில்லை?

அர்ஹெமிரோ


மனிசாலெஸ்,
ஜனவரி 11

என் அன்புள்ள அர்ஹெமிரோ,

புது வருஷம் உனக்கு நல்லபடியாகப் பிறந்திருக்கட்டும். உன் கடிதத்தை அம்பாரோவிடம்கூடக் காட்டவில்லை.

அவர் சொன்னது உண்மை. முதல் வருஷம் நான்தான் தவறு செய்கிறேன் என்று நினைத்தேன். நீ அவ்வளவு நிச்சயமாகக் காலை வைப்பாய். பிறகு தெரிந்தது. தெரிந்தபோது நமக்குக் கல்யாணம் ஆகியிருந்தது, ஊரே கை தட்டிக்கொண்டிருந்தது, உன் முகம் அப்படி ஜொலிக்கும். அதைப் பார்த்துவிட்டு யாருக்குச் சொல்ல மனம் வரும்? உன்மேல் இரக்கப்பட்டேன் என்று நினைக்காதே. அந்த ஜொலிப்பு எனக்கும் வேண்டியிருந்தது.

நடனத்தோடு நின்றிருந்தால் சரி. வீட்டிலும் அப்படியே பழகிப்போனது. சாப்பாட்டுக்கு உனக்காகக் காத்திருப்பேன். மாடி கட்டலாமா என்பதற்கும், லெய்டியை வெளிநாட்டுக்கு அனுப்பலாமா என்பதற்கும், நீ ஒரு முடிவுக்கு வரும்வரை தூக்கின காலோடு நிற்பேன். நீ என்னை நிறுத்தவில்லை, அர்ஹெமிரோ. நானே நின்றேன். நீ வந்து சேர்ந்ததும் நாம் இருவரும் சேர்ந்தே வைத்தோம் என்று உனக்குத் தோன்றும்.

அம்மாவுக்கு ஒன்பதாம் நாள் ஜெபம் முடிந்த மறுநாள் காலையில் காபி போட்டேன். ஊற்றியதும் குடித்துவிட்டேன், சூடாக. அது ஒன்றும் பெரிய விஷயமில்லை. ஆனால் கோப்பையைக் கழுவும்போது, அன்று முழுக்க நான் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை என்று தெரிந்தது. அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பிறகு சொல்வதையும் விட்டுவிட்டேன். நீ கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன். கேட்காமல் இருந்ததும் உன் அன்புதான் என்று எனக்குத் தெரியும்.

நான் திரும்பி வரமாட்டேன். அதைச் சுற்றி வளைக்காமல் எழுதுவதுதான் உனக்குச் செய்கிற மரியாதை. இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது. முட்டி சரியானதும் இங்கே பள்ளிக்கூடத்தில் சமையல் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், போகப்போகிறேன்.

அந்தப் பெரியவர் புவெனவெந்துராவில் எந்தப் பேட்டை என்று கேட்டு வைத்தாயா? கேட்டிருந்தால் அவரைப் போய்ப் பார். நீதான் அந்த ஆள் என்று சொல்லிவிடு. சிரிப்பார், நீயும் சிரிப்பாய்.

புது வருஷ இரவு இங்கே கூடத்து மேசையை ஓரமாகத் தள்ளிவிட்டு எல்லாரும் ஆடினார்கள். யாரோ எல் மங்லார் போட்டார்கள். “வா மதினி, ஒரே ஒரு பாட்டு, முட்டிக்கு நான் பொறுப்பு” என்று ஒவீதியோ கையைப் பிடித்து எழுப்பிவிட்டான். அவன் நன்றாக ஆடுவான், தாளத்தில் கடுகளவும் பிசகமாட்டான். அவன் கால் சரியாக விழுந்தது. என் கால்தான் தூக்கினது தூக்கினபடி நின்றது. மறுபடி வைத்தேன், மறுபடி நின்றது. ஒவீதியோ முட்டி வலிக்கிறதா என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

நூபியா